அடிப்படை ஆண்டுக் கணக்கு எங்கே பிசகுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

உமிழ்வுக் குறைப்பு இலக்கை முடிவு செய்யும் கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கையில் ஒரு எக்செல் கோப்பு. அதன் கடைசி வரியில், நிறுவனத்தின் மொத்தப் பசுமை இல்ல வாயு உமிழ்வு இத்தனை டன் என்று ஓர் எண். இதுதான் அடிப்படை ஆண்டுக் கணக்கு. இனி வரும் ஆண்டுகளின் குறைப்பெல்லாம் இந்த எண்ணோடுதான் ஒப்பிடப்படும். அது 10 சதவீதம் கூடுதலாகப் பதிந்திருந்து, அடுத்த ஆண்டு யாரோ சத்தமில்லாமல் பிழையைத் திருத்திவிட்டால், ஒரு விளக்கைக்கூட அணைக்காமல் ஏறக்குறைய 9 சதவீதம் குறைத்துவிட்டதாகத் தெரியும். குறைவாகப் பதிந்திருந்தால் இதற்கு நேர்மாறு: பாடுபட்டுக் குறைத்ததும் கூடியதாகவே காட்டும்.

கீழே வருபவை, கணக்குப் போட்டு முடித்த பிறகு கண்ணில் படும் அறிகுறிகள். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. ஆனால் எதில் கை வைக்கும் முன்பும் இரண்டு வேலை. இப்போதுள்ள கோப்பை நகல் எடுத்துப் பூட்டுங்கள். புதிய தாளில் திருத்தப் பதிவு ஒன்றைத் தொடங்குங்கள்: தேதி, எந்தக் கலம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம், திருத்தியவர். ஆறு நெடுவரிசை போதும்.

சொற்களில் குழப்பம் வேண்டாம் என்பதற்காக: நிறுவனம் தானே எரிப்பதும் கசியவிடுவதும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம், நீராவி, வெப்பம், குளிர்ச்சி ஸ்கோப் 2. கொள்முதல் முதல் விற்ற பொருளின் பயன்பாடு, கழிவு வரை மற்றதெல்லாம் ஸ்கோப் 3. அதற்குள் 15 வகைகள். உமிழ்வுக் கணக்குக்கான உலகளாவிய விதித் தொகுப்பான ஜிஎச்ஜி புரோட்டோகாலின், 2004-இல் திருத்தி வெளியிடப்பட்ட நிறுவனத் தரநிலையும், 2011-இன் ஸ்கோப் 3 தரநிலையும் வகுத்த பிரிவுகள் இவை.

## மொத்தம் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கிறது

பெரும்பாலும் அலகுக் குழப்பம். கோப்பு முழுவதையும் துழாவ வேண்டாம். சந்தேகப்படும் வரிக்கு மட்டும் தாளில் ஒரு தோராயக் கணக்குப் போடுங்கள். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோல் ஏறக்குறைய 2.3 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அலகுக்கு இத்தனை உமிழ்வு என்னும் இப்படிப்பட்ட எண்ணே காரணி. பிறகு, கோப்பில் உள்ள எண்ணை உங்கள் எண்ணால் வகுத்துப் பாருங்கள். வரும் விகிதமே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். தலைகீழாக வந்தால் (1,000-க்குப் பதில் 0.001) அதே பிழை எதிர்த் திசையில் நடந்திருக்கிறது.

- 1,000: கிலோவும் டன்னும், அல்லது கிலோவாட் மணியும் மெகாவாட் மணியும் கலந்துவிட்டன. மின்சாரக் காரணி 'கிலோவாட் மணிக்கு இத்தனை கிலோ' என்றாலும் 'மெகாவாட் மணிக்கு இத்தனை டன்' என்றாலும் எண் ஒன்றுதான். அதனால் காரணியை மட்டும் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது.
- 3.67: கார்பன் எடையும் கார்பன் டை ஆக்சைடு எடையும் கலந்துவிட்டன. 44-ஐ 12-ஆல் வகுத்தால் கிடைப்பது இது.
- 3.8 அருகில்: அமெரிக்க காலனுக்கான காரணியை லிட்டரோடு பெருக்கியிருக்கிறார்கள். 4.5 என்றால் பிரிட்டிஷ் காலன்.
- 3.6: மெகாஜூலும் கிலோவாட் மணியும். 29.3 என்றால் தெர்மும் கிலோவாட் மணியும்.
- 1.1: அமெரிக்க ஷார்ட் டன் (907 கிலோ), மெட்ரிக் டன் குழப்பம். எரிவாயு வரியாக இருந்தால் அடுத்த பகுதியைப் பாருங்கள்.
- 12: மாத எண்ணும் ஆண்டு எண்ணும் கலந்துவிட்டன.
- 2: ஒரே பில் இரு இடங்களில் பதிவாகியிருக்கிறது.

ஓர் உதாரணம். டீசல் 12,000 லிட்டர். தோராயம் 32 டன். கோப்பு சொல்வது 122.5 டன். விகிதம் 3.8. காரணிக் கலத்தைத் திறந்தால் 10.21 இருக்கும், அது காலனுக்கான எண். இரண்டு நிமிட வேலை.

20, 40, 80 போன்ற முழு எண் வந்தால் மீட்டர் பெருக்கியைச் சந்தேகியுங்கள். பெரிய இணைப்புகளில் மீட்டருக்கு முழு மின்னோட்டமும் போவதில்லை. கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைத்துத்தான் அனுப்புகிறது. 200/5 என்று எழுதியிருந்தால் பெருக்கி 40. மீட்டரில் இரண்டு அளவீடுகளுக்கு இடையே வித்தியாசம் 1,310 என்றால், உண்மையான நுகர்வு 52,400 யூனிட். மீட்டரைப் பார்த்துக் குறித்தவர் 1,310 என்றே அனுப்பிவிடுவார். பில்லைப் பார்த்துக் குறித்தவருக்கு 52,400 ஏற்கெனவே பெருக்கப்பட்டு வந்திருக்கும். தலைமை அலுவலகத்தில் அதை மறுபடியும் 40-ஆல் பெருக்கும் ஆளும் உண்டு. ஒவ்வொரு மீட்டருக்கும் பெருக்கி எவ்வளவு, தரவு மீட்டரிலிருந்தா பில்லிலிருந்தா என்று இரண்டு நெடுவரிசை சேர்த்தால் இந்தத் தொல்லை முடிந்தது.

ஒரே ஒரு நாட்டுக் கிளை மட்டும் ஆயிரம் மடங்கு குறைவாக இருந்தால், 1.250 என்பதைப் பாருங்கள். சில நாடுகளில் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும் குறி, காற்புள்ளிதான் தசமக் குறி. அவர்கள் எழுதியது ஆயிரத்து இருநூற்று ஐம்பது லிட்டர்; உங்கள் கோப்பு படித்தது ஒன்றேகால் லிட்டர்.

## எரிபொருள் வரி ஒன்று 5 அல்லது 10 சதவீதம் மட்டும் தள்ளி நிற்கிறது

ஆயிரம் மடங்கு பிழையை யாரும் கண்டுபிடித்துவிடலாம். பத்து சதவீதப் பிழை அப்படி இல்லை. பார்வைக்கு நியாயமாகவே இருக்கும்.

எரிபொருளின் வெப்ப மதிப்பை இரண்டு வகையில் சொல்வார்கள். எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்தால் மொத்த வெப்ப மதிப்பு, விட்டுவிட்டால் நிகர வெப்ப மதிப்பு. இயற்கை எரிவாயுவில் இவற்றுக்கிடையே ஏறக்குறைய 10 சதவீத வித்தியாசம்; நிலக்கரியிலும் எண்ணெயிலும் ஏறக்குறைய 5. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தரும் காரணிகள் நிகர மதிப்பின் மேல் அமைந்தவை: இயற்கை எரிவாயுவுக்கு ஒரு கிகாஜூலுக்கு 56.1 கிலோ, அதாவது கிலோவாட் மணிக்கு 0.202 கிலோ. எரிவாயு பில்கள் பல இடங்களில் மொத்த மதிப்பில் வருகின்றன. அந்த யூனிட்டை 0.202-ஆல் பெருக்கினால் பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மொத்த மதிப்புக்கு ஏற்ற காரணி 0.18 ஒட்டித்தான் இருக்கும்.

பில்லில் எந்த மதிப்பு என்று எழுதியிருக்காவிட்டால், எரிவாயு விநியோகிப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊகிக்க வேண்டாம். அடிப்படை ஆண்டில் ஒன்றும் அடுத்த ஆண்டில் மற்றொன்றும் பயன்படுத்தினால், பாய்லரைத் தொடாமலே 'சாதனை' வந்துவிடும்.

எடைக்கு வாங்கும் டீசலிலும் இதே அளவில் சறுக்கல் வரும். அடர்த்தி 0.84 என்றால் ஒரு டன் ஏறக்குறைய 1,190 லிட்டர். ஒரு கிளை 1,000 லிட்டர் என்று மாற்றியிருக்கும், இன்னொன்று 1,200 என்று. நிறுவனம் முழுவதற்கும் ஒரே அடர்த்தியை, ஒரே கலத்தில் வையுங்கள்.

## சில மாதங்கள் பூஜ்ஜியம், ஒரு மாதம் இரட்டிப்பு

காலி என்பது வேறு, பூஜ்ஜியம் என்பது வேறு. பில் வரவில்லையா, நுகர்வே இல்லையா? காலிக் கலங்களைச் சிவப்பு நிறமாக்கி எண்ணுங்கள். 12 மாதம், இத்தனை கிளை, இத்தனை மீட்டர் என்று பெருக்கினால் எத்தனை கலங்கள் நிரம்பியிருக்க வேண்டும் என்று தெரியும்.

இரட்டிப்பு மாதத்துக்குக் காரணம் வழக்கமாக மூன்று: இரண்டு மாத பில், முந்தைய உத்தேச பில்லுக்கான திருத்தம், அல்லது பில் தேதியை நுகர்வு மாதமாக எடுத்துக்கொண்டது. ஆண்டின் நடுவில் இது பெரிதாகப் பாதிக்காது. ஆண்டின் இரு முனைகளில் பாதிக்கும். டிசம்பர் 17 முதல் ஜனவரி 16 வரையான பில்லில் 9,300 யூனிட் என்றால், 31 நாளுக்கு நாள் ஒன்றுக்கு 300. டிசம்பரின் 15 நாளுக்கு 4,500, ஜனவரியின் 16 நாளுக்கு 4,800 என்று பிரியுங்கள்.

எரிபொருள் தொட்டி உள்ள இடத்தில் வாங்கியதே எரித்தது ஆகாது. ஆரம்ப இருப்பு, கூட்டல் வாங்கியது, கழித்தல் இறுதி இருப்பு. ஆண்டின் கடைசி வாரத்தில் 20,000 லிட்டர் லாரி வந்து இறங்கியிருந்தால், இருப்பைக் கழிக்காத கணக்கு 50 டன்னுக்கு மேல் பொய் சொல்லும்.

விடுபட்ட மாதங்களை நிரப்பத்தான் வேண்டும். முன்பின் மாதச் சராசரியைவிட, சென்ற ஆண்டின் அதே மாதம் நல்லது; குளிரூட்டும், வெப்பமூட்டும் செலவு பருவத்துக்கேற்ப மாறும். அந்தக் கலத்தில் 'உத்தேசம்' என்று குறி வையுங்கள். மொத்தத்தில் எத்தனை சதவீதம் உத்தேசம் என்பதை ஒரு வரியில் காட்டுங்கள். கூட்டத்தில் வரும் முதல் கேள்வி அதுவாக இருக்கும், அல்லது இருக்க வேண்டும்.

## இரண்டு பேர் கணக்குப் போட்டால் இரண்டு மொத்தம் வருகிறது

இருவருமே சரியாகப் போட்டிருக்கலாம், எல்லைதான் வேறு. ஜிஎச்ஜி புரோட்டோகால் மூன்று வழிகளை அனுமதிக்கிறது: பங்கு விகிதம், நிதிக் கட்டுப்பாடு, இயக்கக் கட்டுப்பாடு. 40 சதவீதப் பங்கு வைத்திருக்கும் கூட்டு ஆலை ஆண்டுக்கு 10,000 டன் உமிழ்கிறது என்று வையுங்கள். பங்கு விகிதத்தில் உங்கள் கணக்கு 4,000. இயக்கக் கட்டுப்பாட்டில், ஆலையை நீங்கள் நடத்தினால் 10,000. பங்காளி நடத்தினால் ஸ்கோப் 1, 2-இல் பூஜ்ஜியம், உங்கள் பங்கு ஸ்கோப் 3-இன் 15-ஆம் வகையான முதலீடுகளுக்குப் போகும். ஒரே ஆலை, மூன்று விடை.

செய்ய வேண்டியது: நிதிப் பிரிவிடம் சட்டப்படி உள்ள எல்லா நிறுவனங்களின் பட்டியலையும் வாங்குங்கள். சொத்துப் பிரிவிடம் சொந்தக் கட்டடம், வாடகைக் கட்டடம், வாகனப் பட்டியல். இரண்டையும் உமிழ்வுக் கோப்பின் கிளைப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கோப்பில் இல்லாத பெயர் ஒன்றாவது அகப்படாமல் போகாது: மூடிய கிடங்கு, வாடகைக்கு எடுத்த சேமிப்பு அறை, யாரும் நினைவில் வைத்திராத கிளை அலுவலகம். சேர்ப்பது, விடுவது இரண்டுக்கும் காரணத்தை எழுதி வையுங்கள்.

வாடகைக் கட்டடத்தில் மின் கட்டணம் வாடகைக்குள் அடங்கிவிட்டால் பில்லே வராது. அதனால் அந்த இடம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். தளப் பரப்பைக் கொண்டு உத்தேசம் போட்டாவது சேருங்கள். ஒப்பந்தக்காரரின் வாகனம், அவரே வாங்கும் டீசல் உங்கள் ஸ்கோப் 1 அல்ல. ஆனால் உங்கள் பம்பில் அவர் நிரப்பிக்கொண்டால், அந்த லிட்டர் உங்கள் கொள்முதலில் இருக்கும். அதைப் பிரித்து எடுத்து ஸ்கோப் 3-க்கு மாற்ற வேண்டும்.

## ஸ்கோப் 2-க்கு இரண்டு எண்கள், எதை வைப்பது?

இரண்டையும்தான். இது பிழை இல்லை. 2015-இன் ஸ்கோப் 2 வழிகாட்டி இரண்டையும் அறிக்கையில் காட்டச் சொல்கிறது. மின்கட்டமைப்பின் சராசரிக் காரணியால் பெருக்குவது இடவழிக் கணக்கு. நீங்கள் செய்த ஒப்பந்தம், வாங்கிய புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு போடுவது சந்தைவழிக் கணக்கு. இலக்கை இவற்றில் எதன் மேல் வைக்கிறீர்கள் என்பதை ஒருமுறை தீர்மானித்து, அடிப்படை ஆண்டுக்கும் பின்வரும் ஆண்டுகளுக்கும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பிழை எங்கே வருகிறதென்றால், அடிப்படை ஆண்டு இடவழியிலும் முன்னேற்றம் சந்தைவழியிலும் இருக்கும்போது. அடிப்படை ஆண்டிலேயே கொஞ்சம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கியிருந்தால், அது புதிய குறைப்பாக வேடம் போடும்.

சந்தைவழிக் கணக்கில் ஒப்பந்தம் எதுவும் இல்லாத யூனிட்டுகளுக்கு, எச்சக் கலவைக் காரணி (சான்றிதழாகவோ ஒப்பந்தமாகவோ விற்றுப்போனது நீங்கிய மீதி மின்சாரத்தின் காரணி) வெளியிடப்படும் இடங்களில் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில் கட்டமைப்புச் சராசரி. சான்றிதழ் என்றால் எந்தச் சந்தையில், எந்த ஆண்டு உற்பத்திக்கு வழங்கப்பட்டது, உங்கள் பெயரில் ரத்து செய்யப்பட்டதா என்று பாருங்கள். கூரைச் சூரிய மின்சாரத்தில் நீங்களே பயன்படுத்தியது வாங்கிய மின்சாரம் அல்ல, உமிழ்வும் இல்லை. ஆனால் அதன் சான்றிதழை விற்றுவிட்டால் 'பசுமை' என்ற உரிமையும் போய்விட்டது. வெளியே அனுப்பிய யூனிட்டை உங்கள் ஸ்கோப் 2-இலிருந்து கழிக்கக் கூடாது.

கம்பிவழி இழப்பு ஸ்கோப் 3-இன் 3-ஆம் வகைக்குரியது. சில காரணிகளில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அடிக்குறிப்பைப் படிக்காமல் இழப்பைத் தனியாகவும் கூட்டினால் இரட்டைக் கணக்கு.

## குளிரூட்டி வரி பூஜ்ஜியம், அல்லது திடீரென்று எகிறுகிறது

ஏசி உள்ள கட்டடத்தில் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தால், கசிவு இல்லை என்பதைவிட யாரும் கேட்கவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் சேவைச் சீட்டுகளை வாங்குங்கள். அதில் எந்த வாயு, எத்தனை கிலோ நிரப்பப்பட்டது என்று இருக்கும். கசிந்ததைத்தான் நிரப்புகிறார்கள், எனவே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் நிரப்பிய எடை, அதுவரை கசிந்த எடை. புதிய இயந்திரத்தில் முதல் முறை ஏற்றிய வாயு உமிழ்வு அல்ல, அதைக் கழித்துவிடுங்கள்.

சின்ன வரிதானே என்று விட முடியாது. ஏசிகளில் பயன்படும் ஆர்-410ஏ வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன் (ஒரு கிலோ வாயு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்ற எண்) ஐபிசிசியின் ஐந்தாம் மதிப்பீட்டறிக்கையின்படி 1,924. பத்து கிலோ கசிந்தால் 19 டன்னுக்கு மேல். 7,000 லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம். ஒரு சிறு அலுவலகத்தில் இதுவே ஸ்கோப் 1-இன் பெரும்பகுதியாக இருக்கலாம்.

ஒரு பெரிய குளிரூட்டும் இயந்திரத்தில் மூன்று ஆண்டுக் கசிவை ஒரே நாளில் நிரப்பியிருந்தால், அந்த ஆண்டு வானத்தைத் தொடும். அது அடிப்படை ஆண்டாக அமைந்துவிட்டால் அடுத்த ஆண்டு தானாகவே 'குறைந்துவிடும்'. இந்த வரிக்கு மட்டும் சில ஆண்டுகளின் சராசரியை வைத்து, அதைக் குறிப்பில் சொல்லிவிடுவது நேர்மை.

எண் மாற இன்னொரு காரணம், திறன் அட்டவணையைக் கலப்பது. மீத்தேனுக்கு நான்காம் அறிக்கையில் 25, ஐந்தாமில் 28, ஆறாமில் புதைபடிவ மூலத்துக்கு 29.8. நைட்ரஸ் ஆக்சைடுக்கு 298, 265, 273. ஆர்-410ஏ நான்காமில் 2,088. கோப்பு முழுவதற்கும் ஒரே அறிக்கை, எல்லா ஆண்டுகளுக்கும் அதே அறிக்கை. பிறகு புதியதற்கு மாறினால் அடிப்படை ஆண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

பழைய குளிரூட்டி வாயுவான ஆர்-22 இருந்தால் அதை ஸ்கோப் 1 மொத்தத்தில் கூட்டாமல் தனியாகக் காட்டுங்கள். கட்டாயம் கணக்கில் வரும் ஏழு வாயு வகைகளில் அது இல்லை.

## அடிப்படை ஆண்டே விசித்திரமாக இருக்கிறது

கணக்கு சரி, ஆண்டு தவறு. 2020-ஐத் தேர்ந்தெடுத்த பல நிறுவனங்களுக்கு இந்தச் சிக்கல்: அலுவலகங்கள் பூட்டியிருந்தன, விமானப் பயணம் நின்றது, ஆலை பாதி மாதங்கள் ஓடவில்லை. அதிலிருந்து குறைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. நீண்ட பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திய ஆண்டும், புதிய கட்டடம் கட்டிய ஆண்டும் அப்படியே. பின்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஸ்கோப் 3-இன் 2-ஆம் வகையில் மூலதனப் பொருட்களுக்குத் தேய்மானம் கிடையாது, வாங்கிய ஆண்டிலேயே முழு உமிழ்வும் விழும்.

மூன்று முதல் ஐந்து ஆண்டுகளின் உற்பத்தி, பணியாளர் எண்ணிக்கை, தளப் பரப்பு, மின் நுகர்வு ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். தேர்ந்தெடுத்த ஆண்டு குழியிலோ மேட்டிலோ நின்றால் வேறு ஆண்டு, அல்லது பல ஆண்டுச் சராசரி. சராசரியை ஜிஎச்ஜி புரோட்டோகால் அனுமதிக்கிறது; ஆனால் எல்லா ஆண்டுக்கும் ஒரே தரத்தில் தரவு வேண்டும் என்பதால் வேலை மூன்று மடங்கு.

இலக்கை, நிறுவனங்களின் இலக்குகளைச் சரிபார்க்கும் அறிவியல் அடிப்படை இலக்குகள் முன்முயற்சியிடம் (எஸ்பிடிஐ) சமர்ப்பிக்கும் எண்ணம் இருந்தால், அதன் குறுகிய கால இலக்கு விதிகளையும் இப்போதே பாருங்கள். 2015-க்கு முந்தைய அடிப்படை ஆண்டு ஏற்கப்படவில்லை. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் பாதையில் ஸ்கோப் 1, 2-க்கு அடிப்படை ஆண்டு அளவில் ஆண்டுக்கு 4.2 சதவீதம் நேர்கோட்டில் குறைய வேண்டும். அடிப்படை ஆண்டு 2020-க்குப் பிந்தியது என்றால் ஆண்டுகளை 2020-இலிருந்தே எண்ணுகிறார்கள். ஆகவே ஆண்டைத் தள்ளிப்போட்டுச் சதவீதத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை பலிக்காது. விதிகள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன, சமர்ப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள பதிப்பே செல்லும்.

## ஸ்கோப் 3 பணத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது

கொள்முதல் உமிழ்வைச் செலவுத் தொகையால் கணக்கிட்டிருக்கிறீர்கள். முதல் கணக்குக்கு அது சரிதான். பத்தாயிரம் கொள்முதல் வரிகளுக்கு எடை தேடிக்கொண்டிருந்தால் ஆண்டு முடிந்துவிடும். ஆனால் அதே அளவு எஃகை 12 சதவீதம் கூடுதல் விலைக்கு வாங்கினால் உமிழ்வும் 12 சதவீதம் கூடியதாகச் சொல்லும். காரணி எந்த ஆண்டின், எந்த நாணயத்துக்கானது என்று பார்த்து, செலவைப் பணவீக்கத்துக்கு ஏற்ப அந்த ஆண்டு விலைக்குக் கொண்டுவாருங்கள். விற்பனை வரியைக் கழித்த தொகைதானா என்றும் பாருங்கள்.

இதில் பெரிய கேடு வேறு. செலவுவழிக் கணக்கில் நல்ல சப்ளையருக்கு மாறியது தெரியவே தெரியாது. மலிவான சப்ளையருக்கு மாறியது மட்டும் தெரியும். அதனால் இலக்கு வைக்கப்போகும் முதல் பத்து இருபது பொருட்களுக்காவது எடை அல்லது எண்ணிக்கை வாங்கிவிடுங்கள். மீதி செலவுவழியிலேயே இருக்கட்டும்.

ஒரே வகை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டதா? விற்ற பொருளின் பயன்பாடு என்னும் 11-ஆம் வகையாக இருந்தால், அது இயல்பாகவே இருக்கலாம். விற்ற பொருளின் ஆயுட்கால உமிழ்வு முழுவதும் விற்ற ஆண்டிலேயே எழுதப்படுகிறது. 80 வாட் கருவி, நாளுக்கு 4 மணி நேரம், 10 ஆண்டு: 1,168 யூனிட். யூனிட்டுக்கு 0.5 கிலோ என்றால் ஒரு கருவிக்கு 584 கிலோ. இப்போது ஆயுளை 8 ஆண்டு என்று மாற்றுங்கள். 20 சதவீதம் காணாமல் போய்விடும். கருவி மாறவில்லை, உலகம் மாறவில்லை, ஒரு கலம் மாறியது. ஆயுள், நாள் பயன்பாடு, மின் காரணி ஆகிய மூன்றையும் ஆதாரத்தோடு தனித் தாளில் வைத்துப் பூட்டுங்கள்.

இரட்டைக் கணக்குக்குப் பேர்போன இடங்கள் மூன்று. பயண முகவரின் அறிக்கையும் ஊழியர் செலவுக் கோரிக்கையும் ஒரே விமானப் பயணத்தைச் சொல்லும். சரக்குக் கட்டணம் பொருளின் விலைக்குள்ளும் இருக்கும், போக்குவரத்துக் கணக்கிலும் இருக்கும். மூலதனப் பொருள் கொள்முதல் பேரேட்டிலும் சொத்துப் பேரேட்டிலும் இருக்கும்.

15 வகைகளில் சில காலியாக இருந்தால் தவறில்லை; பிரான்சைஸ் இல்லாத நிறுவனத்துக்கு 14-ஆம் வகை எதற்கு? ஆனால் 'பொருந்தாது' என்பதற்கும் 'கணக்கிடவில்லை' என்பதற்கும் வேறு வேறு குறி இருக்கட்டும். ஸ்கோப் 3 மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தொட்டால், மேலே சொன்ன முன்முயற்சி அதற்கும் இலக்கு கேட்கிறது, குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஸ்கோப் 3 அதில் அடங்க வேண்டும். விடுபட்ட வகையால் 38-இல் நிற்கும் கணக்கைப் பரிசோதகர் சும்மா விடமாட்டார்.

## மொத்தம் குறைந்தது, காரணம் யாருக்கும் தெரியவில்லை

மாற்றத்தை நான்காகப் பிரியுங்கள்: செயல்பாடு, காரணி, எல்லை, கணக்கு முறை. மின்சாரம் முதல் ஆண்டு 2,000 மெகாவாட் மணி, காரணி 0.70: 1,400 டன். அடுத்த ஆண்டு 2,050, காரணி 0.63: 1,291.5 டன். நுகர்வால் 35 டன் கூடியது, காரணியால் 143.5 டன் குறைந்தது. குறைந்தது உண்மைதான், ஆனால் அது கட்டமைப்பின் சாதனை, உங்களுடையது அல்ல. இலக்குத் திட்டத்தில் இதை வேறு வரியில் எழுதுங்கள்.

புதிய காரணி வந்ததும் பழைய ஆண்டையும் அதனால் பெருக்கிவிடுபவர்கள் உண்டு. ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்தந்த ஆண்டின் காரணி. பழைய ஆண்டின் காரணியையே வெளியிட்டவர்கள் திருத்தியிருந்தால் மட்டும் பின்னோக்கிப் போங்கள்.

## மொத்தத்தில் கழித்தல் குறிகள் தெரிகின்றன

வாங்கிய கார்பன் கிரெடிட், நட்ட மரம், வாடிக்கையாளர் தவிர்த்த உமிழ்வு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அடிப்படை ஆண்டு என்பது இப்படிக் கழிப்பதற்கு முந்தைய எண். மரக்கட்டை, உயிரெரிபொருள் எரிப்பதில் வரும் கார்பன் டை ஆக்சைடு ஸ்கோப்களுக்கு வெளியே தனி வரி; அதில் வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் ஸ்கோப் 1-க்குள்.

## வெளியாள் கணக்கைத் திரும்பப் போட்டால் அதே விடை வரவில்லை

கோப்பைப் பார்த்திராத ஒருவரிடம் ஏதாவது பத்து வரிகளைக் கொடுங்கள். பில்லில் தொடங்கி டன் வரை அவராகவே போக முடிய வேண்டும், உங்களிடம் எதுவும் கேட்காமல். எங்கே நிற்கிறாரோ அங்கே ஒன்று குறைகிறது: காரணியின் மூலம், காரணியின் ஆண்டு, அலகு, அல்லது சூத்திரத்துக்குப் பதில் கையால் தட்டிய எண். கூட்டல் சூத்திரத்தின் எல்லை கடைசி வரிக்கு ஒரு வரி முன்னாலேயே முடிந்துவிடுவதும், உரையாகச் சேமிக்கப்பட்ட எண் கூட்டலில் சேராததும் இந்தச் சோதனையில்தான் பெரும்பாலும் அகப்படும். காரணிகள் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். சூத்திரத்துக்குள் புதைத்தால் தேடி மாள முடியாது.

## கணக்கு முடிந்த பிறகு ஒரு நிறுவனத்தை வாங்கினார்கள், அல்லது விற்றார்கள்

அடிப்படை ஆண்டைத் திருத்த வேண்டுமா? வாங்கிய ஆலை அடிப்படை ஆண்டில் இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த ஆண்டின் அதன் உமிழ்வைச் சேருங்கள். அதற்குப் பிறகு கட்டப்பட்டது என்றால் தொட வேண்டாம். விற்றதை அடிப்படை ஆண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் விற்பனையே குறைப்பாகிவிடும். ஆண்டின் நடுவில் வாங்கினாலும் முழு ஆண்டுக்குமே திருத்துவது நல்லது. உற்பத்தி கூடியது, புதிய கிளை திறந்தது, கிளையை மூடியது எல்லாம் இயல்பான வளர்ச்சியும் தேய்வும். அவற்றுக்குத் திருத்தம் கிடையாது.

ஒப்பந்தக்காரரிடம் கொடுத்த வேலை ஸ்கோப் 1-இலிருந்து 3-க்கு நகர்கிறது. ஸ்கோப் 1, 2-க்கு மட்டும் இலக்கு வைத்தவர் வேலையை வெளியே தள்ளினால் அடிப்படை ஆண்டிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும்.

எவ்வளவு மாறினால் திருத்துவது என்ற வரம்பை இலக்கு அறிவிக்கும் முன்பே எழுதுங்கள். 5 சதவீதம் பரவலாகப் பயன்படும் எண். மேற்சொன்ன முன்முயற்சியும் 5 அல்லது அதற்குக் குறைவாகக் கேட்கிறது. கட்டமைப்பு மாற்றம், முறை மாற்றம், கண்டுபிடித்த பிழை மூன்றுக்கும் ஒரே வரம்பு, சிறியவற்றைக் கூட்டிப் பார்க்கும் விதியும் சேர்த்து. மூன்று ஆண்டில் இரண்டிரண்டு சதவீதமாக நடந்த மூன்று மாற்றங்கள் தனித்தனியே வரம்புக்குக் கீழே, சேர்ந்தால் 6.

அடிப்படை 10,000 டன், 2030-க்குள் 42 சதவீதக் குறைப்பு என்று வையுங்கள். இலக்கு எண் 5,800. பிறகு 800 டன் கூடுதலாக எழுதிய மீட்டர் பிழை ஒன்று அகப்படுகிறது. 8 சதவீதம், வரம்பைத் தாண்டிவிட்டது. அடிப்படை 9,200, இலக்கு எண் 5,336. சதவீதம் மாறாது, டன் மாறும். பழைய எண், புதிய எண், காரணம் மூன்றும் அடுத்த அறிக்கையில் அருகருகே அச்சாக வேண்டும்.